பெஞ்சில் இருந்த கோல்கீப்பருக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு விஷயம் சொன்னாய். உன் யுனிவர்சிட்டியில் ஹேண்ட்பால் ஆடும் பெண்களுக்குக் கோல்கீப்பர் இல்லையாம், உன்னைக் கூப்பிட்டார்களாம். "நான் நம்ம ஸ்கூல் டீம்லயே பெஞ்ச்தானேப்பா, இங்க போய் என்ன பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஐஸ்லாந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிரவுண்டில் நான் ஓயாமல் சொன்ன பெயர்தான். ஆனால் முழுக்கதையை உனக்கு ஒரு தடவையும் உட்கார்ந்து சொன்னதில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்தபோது உனக்கு ஆறு வயது. ஊரெல்லாம் அபினவ் பிந்த்ராவின் தங்கத்தைப் பற்றிப் பேச்சு. நானும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் பி.டி. வாத்தியாரான என் கண் தினமும் தேடியது ஹேண்ட்பால் ரிசல்ட்டைத்தான். பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்தால் பெரிய விஷயம். அந்த நாலு வரியில் ஐஸ்லாந்து என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ரஷ்யாவை 33–31 என்று ஜெயித்தார்கள். அப்போது உலக சாம்பியனாக இருந்த ஜெர்மனியை 33–29. காலிறுதியில் போலந்தை 32–30. அரையிறுதியில் ஸ்பெயினை 36–30. அந்த நாட்டின் ஜனத்தொகையே அன்றைக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். நம் மதுரை நகரத்தில் பாதி கூட வராது. அந்த நாட்டிலிருந்து வந்த பையன்கள் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் நின்றார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸிடம் 28–23 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். ஒலிம்பிக்கில் ஐஸ்லாந்து இதுவரை வாங்கிய மெடல்கள் மொத்தம் நான்குதான். மற்ற மூன்றும் தனி ஆட்கள் வாங்கியவை. அணியாகச் சேர்ந்து வாங்கியது இந்த வெள்ளி ஒன்றே.

அந்த நாட்களில் அங்கே நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போதைய ஜனாதிபதியின் மனைவி டோரிட் முசாயெஃப் வெளிநாட்டில் பிறந்தவர். ஐஸ்லாந்து மொழியைப் பிறகு கற்றுக்கொண்டவர். அணி ஜெயித்த சந்தோஷத்தில் டிவி நிருபரிடம், உலகத்திலேயே பெரிய நாடு ஐஸ்லாந்துதான் என்று சொன்னார். 'பெரிய' என்பதற்கு அவர் சொன்ன வார்த்தை இலக்கணப்படி தப்பு. ஊர்க்காரர்கள் அதைத் திருத்தவே இல்லை. அந்தத் தப்பான வார்த்தையையே தங்கள் சொந்த வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டே மாதத்தில் அந்த நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. எத்தனையோ பேரின் சேமிப்பு போயிற்று. அந்த வருஷத்தில் அவர்களுக்கென்று மிஞ்சிய நல்ல நினைவு இந்த வெள்ளிதான் என்று நான் நினைக்கிறேன்.

தேசிய அணியை அங்கே அதிகம் 'ஐஸ்லாந்து அணி' என்று சொல்வதில்லை. 'நம்ம பசங்க' என்றுதான் சொல்கிறார்கள். அவ்வளவு சின்ன நாட்டில் அது வெறும் பாசப் பேச்சும் இல்லை. அணியில் ஒருவர் இவருடைய அக்கா மகனாக இருப்பார், இன்னொருவர் அவருடைய பள்ளித் தோழனாக இருப்பார். பெயர் வைக்கும் முறையும் நம் இனிஷியல் மாதிரிதான், அப்பா பெயர்தான் பின்னால் வரும். பெய்ஜிங்கில் பயிற்சியாளராக இருந்தவர் குத்முந்துர் குத்முந்த்சன். குத்முந்துரின் மகன் குத்முந்துர் என்று அர்த்தம்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். ஜெர்மனியில் மக்டெபர்க்கில் இடம் கிடைத்தது என்று நீ சொன்னபோது அம்மா மேப்பில் தேடினாள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. 2002-இல் மக்டெபர்க் ஹேண்ட்பால் கிளப், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தபோது பயிற்சியாளர் ஆல்ஃப்ரெத் கிஸ்லாசன், அணியின் நட்சத்திரம் ஓலாஃபுர் ஸ்டெஃபான்சன். இரண்டு பேரும் ஐஸ்லாந்துக்காரர்கள். அந்த ஓலாஃபுர்தான் பெய்ஜிங்கில் கேப்டன். இன்றைக்கு அதே கிளப்பில் கிஸ்லி தோர்கெய்ர் கிறிஸ்ட்யான்சன் ஆடுகிறார். அவருடைய அப்பா கிறிஸ்ட்யான் ஆராசனும் 1980-களில் 'நம்ம பசங்க'ளில் ஒருவர். 2023 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் கிஸ்லிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மறுநாள் இறுதி ஆட்டத்தில் அந்தத் தோளோடு இறங்கி, கிளப்பை ஜெயிக்க வைத்து, அந்த இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். நீ தினமும் டிராமில் போய்வருகிற ஊரில்தான் அவர் இருக்கிறார், பாப்பா. ஒரு நாள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வா. பணம் நான் போட்டுவிடுகிறேன்.

அந்த அணியில் முக்கால்வாசிப் பேர் உன்னைப் போல வெளியூரில் இருப்பவர்கள்தான். ஜெர்மனி, டென்மார்க் என்று ஆளுக்கொரு நாட்டில் கிளப்புக்கு ஆடுகிறார்கள். ஜனவரி மாதம் ஐரோப்பியப் போட்டியோ உலகப் போட்டியோ வரும்போது ஒன்று சேர்ந்து நீலச் சட்டை போடுகிறார்கள். பயிற்சியாளர்களும் அப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஐஸ்லாந்து இல்லை, தகுதி பெறவில்லை. ஆனால் ஜெர்மனி, ஜப்பான், பஹ்ரைன் என்று மூன்று ஆண்கள் அணிகளின் பயிற்சியாளர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அப்போது ஜப்பானுக்கு இருந்த தாகுர் சிகுர்த்சன் பிறகு குரோஷியாவுக்குப் போனார். 2025 உலகப் போட்டியில் அந்தக் குரோஷியாதான் ஐஸ்லாந்தை 32–26 என்று தோற்கடித்தது. அந்தத் தொடரில் ஐஸ்லாந்து ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்தில் ஜெயித்தது. தோற்றது இந்த ஒன்றில் மட்டும். எகிப்து, குரோஷியா, ஐஸ்லாந்து மூன்றும் சமமான புள்ளிகளில் நின்றன. மூன்றும் தங்களுக்குள் ஆடியதில் கோல் கணக்கு இடித்ததால் ஐஸ்லாந்து வெளியே. 2012 லண்டனிலும் இப்படி ஒரு வலி உண்டு. பிரிவில் ஐந்து ஆட்டங்களும் ஜெயித்தார்கள், அதில் பிரான்ஸும் அடக்கம். காலிறுதியில் ஹங்கேரியிடம் இரண்டு கூடுதல் நேரம் ஆடி 34–33 என்று தோற்றார்கள். இதையெல்லாம் நான் எழுதும்போதே கை கனக்கிறது.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2022 ஜனவரி, புடாபெஸ்ட்டில் ஐரோப்பியப் போட்டி. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். ஐஸ்லாந்து அணிக்குள் கொரோனா புகுந்துவிட்டது. நாளுக்கு நாள் ஒவ்வொருவராக ஓட்டல் அறைக்குள் அடைபட்டார்கள். முதலில் சிக்கியவர்களில் ஒருவர் பியோர்க்வின் பவுல் குஸ்தாவ்சன். பெய்ஜிங்கில் 23 வயதில் கோலில் நின்றவர், அத்தனை வருஷமாக அந்த அணியின் கோல்கீப்பர். அடுத்து டென்மார்க்கிடம் தோற்றார்கள். அதற்கடுத்த ஆட்டம் பிரான்ஸோடு. பிரான்ஸ் அப்போது ஒலிம்பிக் சாம்பியன். ஐஸ்லாந்து பக்கம் வழக்கமான ஆட்கள் பாதிப் பேர் இல்லை.

கோலில் விக்டர் கிஸ்லி ஹால்கிரிம்சன் நின்றார். வயது 21. நான் ராத்திரி போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸ்காரர்கள் ஜம்ப் ஷாட் அடிக்க மேலே எழும்பும்போது அவர் முன்னால் வந்து காலையும் கையையும் விரித்து நிற்கிறார். பந்து தோளில் படுகிறது, முழங்காலில் படுகிறது, முழங்கையில் படுகிறது. வலையில் விழவில்லை. ஐஸ்லாந்து 29–21 என்று ஜெயித்தது. ஒலிம்பிக் சாம்பியனை எட்டு கோல் வித்தியாசத்தில்! அம்மா எழுந்து வந்து, "யாருங்க ஜெயிச்சது, இந்தியாவா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

2018 மாவட்ட ஃபைனல் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பிளஸ் ஒன். முதல் பாதியிலேயே நம் கோல்கீப்பருக்கு விரல் பிசகிவிட்டது. அவள் வலியோடு நின்று ஆடினாள். ஆறு மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்த சாதாரண பந்துகள் எல்லாம் உள்ளே போயின. நீ பெஞ்சில் எழுந்து நின்று ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் பார்க்காத மாதிரி கோர்ட் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று கோலில் தோற்றோம்.

நீ தயாராக இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த வருஷம் பிராக்டீஸில் ஏழு மீட்டர் பெனால்டி த்ரோவை நம் பிள்ளைகளில் உன்னை விட அதிகமாகத் தடுத்தவர்கள் யாரும் இல்லை. எனக்குத் தெரியும், நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். வாத்தியார் தன் பெண்ணை இறக்கினார் என்று நாலு பேர் சொல்வார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்தை நேர்மை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். அடிபட்ட ஒரு பிள்ளையை வலியோடு நிற்க வைத்தேன், தயாராக இருந்த ஒரு பிள்ளையை உட்கார வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ.

மன்னித்துக்கொள், பாப்பா. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

உன்னை பெஞ்ச் என்று நீயே சொல்லிக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பேரை உனக்குக் கொடுத்தது உன் ஆட்டம் இல்லை, நான்தான். அதனால் அந்தப் பெண்களிடம் போ. அவர்கள் உயரமாக இருப்பார்கள், சின்ன வயதிலிருந்து ஆடியிருப்பார்கள், முதல் வாரம் நிறைய கோல் போகும். போகட்டும். விங்கிலிருந்து அடிப்பவர்களுக்குக் கிட்டத்துக் கம்பத்தை மூடு, நீ எப்போதும் அரை அடி உள்ளே தள்ளி நிற்பாய். பந்தைப் பார்க்காதே, அடிக்கிறவளின் தோளைப் பார்.

அப்புறம் ஒன்று. பியோர்க்வின் குணமாகித் திரும்பி வந்தார். 2025 உலகப் போட்டியில் 39 வயதில் அவரும் விக்டர் கிஸ்லியும் ஒரே அணியில் இருந்தார்கள். ஒருவர் கோலில் நிற்கும்போது மற்றவர் பெஞ்சில் இருப்பார். உன்னோடு ஆடிய அந்தப் பெண்ணைப் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளிடமும் அந்த விரலுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் உன் நம்பர் கேட்டாள், கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் பேசு.

இந்த வாரம் பார்சல் அனுப்புகிறோம். அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். அதற்கு அடியில் உன் பழைய முழங்கால் பேடு இரண்டும் இருக்கும். எலாஸ்டிக் லூசாகியிருந்தது, டெய்லரிடம் கொடுத்துப் புதிதாகத் தைத்து வைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று சொல்.

அன்புடன்,
அப்பா