ஆபரேஷன் குறிப்பைக் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணைய அறுவை சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயாளி வீடு திரும்புவதோடு அது முடிந்துவிட்டது. எங்களுக்குக் கதை ஆரம்பித்ததே அப்புறம்தான்.

என் கணவருக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. விப்பிள் ஆபரேஷன் செய்து, தலைப்பகுதியோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தைச் சிறுகுடலோடு தைத்தார்கள். 2 வருஷம் நன்றாக இருந்தார். பிறகு சாப்பிட்டாலே மேல்வயிற்றில் வலி, முதுகு வரை இழுக்கும். கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்ற நொதியின் அளவு ரத்தத்தில் சரியாகவே இருந்தது. வாயு என்று சொல்லி 7 மாதம் மாத்திரை விழுங்கினார். கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்று நான் பயந்ததை அவரிடம் சொல்லவேயில்லை.

பித்த, கணைய நாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் கட்டி இல்லை. தைத்த இடம் தழும்பேறிச் சுருங்கி, கணைய நீர் இறங்க வழியில்லாமல் நாளம் புடைத்துக் கிடந்தது.

மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டாம், எண்டோஸ்கோபியில் முயலலாம் என்றார்கள். சரி, சுலபம் என்று நினைத்தோம். ஆனால் வழக்கமாகக் குழாய் போகிற முன்சிறுகுடல்தான் அவருக்கு இல்லையே! பலூன் வைத்த நீளமான எண்டோஸ்கோப்பை வளைந்த குடலுக்குள் வெகுதூரம் செலுத்தியும் தையல் வாய் கண்ணில் படவில்லை.

அப்போதுதான் மருத்துவர் கேட்டார்: கணையத்தைக் குடலில் எந்த இடத்தில் தைத்தார்கள்? அந்தக் குடல் வளையம் எவ்வளவு நீளம்? நான் என்ன பதில் சொல்வது? டிஸ்சார்ஜ் தாளில் 'விப்பிள் செய்யப்பட்டது' என்று ஒரே வரி. முதல் முயற்சி வீணானதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை எடுத்தார்கள், எங்கே தைத்தார்கள் என்று எழுதிவைக்கும் ஆபரேஷன் குறிப்பைப் பழைய மருத்துவமனையில் கேட்டு வாங்க 3 வாரம் அலைந்தேன். அந்த 3 வாரமும் அவர் வலியில் கிடந்தார்.

இரண்டாம் முறை, முனையில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப். கணையம் இரைப்பைக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதால், இரைப்பைச் சுவர் வழியாகவே ஊசியைப் புடைத்த நாளத்துக்குள் செலுத்தினார்கள். அதன் வழியே கம்பி விட்டு, குறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, வழி மூடிக்கொள்ளாமல் இருக்க பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் அதன் தடிமன். கணைய நீர் கசியலாம், ரத்தம் வடியலாம், கணைய அழற்சி வரலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஓரிரு நாள் வலியோடு தப்பினோம்.

கணைய ஆபரேஷன் செய்கிற மருத்துவமனைகள் அந்தக் குறிப்பின் நகலைக் கேட்காமலே கொடுத்தனுப்ப வேண்டும். எதை எதோடு தைத்தோம் என்று ஒரு படம் வரைந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்பதால் மாற்றத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் 5 வாரம். நகல் இப்போதே பையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி