ஆசாரிக்கு முன்பணம் கொடுக்கும் முன்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

நலம், உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். தாம்பரம் வீட்டு ஹாலுக்கென்று நீ அனுப்பியிருந்த புத்தக அலமாரிப் படங்களை, மாப்பிள்ளை எழுதியிருந்த குறிப்புகளோடு சேர்த்துப் பார்த்தேன். தரையிலிருந்து கூரைவரை எழும்பி நிற்கும் சட்டம், இடையில் தாங்கல் இல்லாமல் ஆறடிக்கு ஓடும் பலகைகள், நிறவாரியாக அடுக்கிய புத்தகங்கள், நடுநடுவே பூந்தொட்டிகள் என்று கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரில் ஏறப்போகிறவை கும்பகோணத்திலிருந்து வரும் அப்பாவின் பைண்டு வால்யூம்களும், அம்மாவின் பக்தி நூல்களும், பிள்ளைகளின் படப்புத்தகங்களும்தான். முதலில் அவற்றை அளந்துவிட்டு, பிறகு அலமாரியை வரையச் சொல் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பாவின் வால்யூம்களை நீ அண்மையில் கையில் எடுத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரவாரம் கிழித்து, கோத்து, தெருமுனை பைண்டரிடம் கொடுத்துக் கட்டிய அவற்றில் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. காலிகோ துணி ஒட்டிய முதுகு, பளிங்குத் தாள் ஒட்டிய அட்டை, கதைக்குப் பின்பக்கத்தில் தப்பிப் பிழைத்த தலைவலித் தைல விளம்பரம், கதை முடியாத இடத்தில் பைண்டரின் கத்தி வெட்டிவிட்ட கடைசி வரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி முகம் உண்டு. இவற்றின் முதுகில் பெயரே கிடையாது என்பதால், நிறவாரியாக அடுக்கினால் எல்லாமே பழுப்பு வரிசைக்குப் போய்ச் சேர்ந்து, எது எந்தக் கதை என்று யாருக்கும் தெரியாமல் போகும். அச்சில் வந்த நாவல்களின் கதியும் அதேதான்: ஐந்து பாகங்களுக்கும் ஐந்து நிறத்தில் அட்டை போட்டிருந்தால், முதல் பாகம் மேல்தட்டிலும் மூன்றாம் பாகம் கீழ்த்தட்டிலும் உட்கார்ந்திருக்கும்.

இனி எடைக்கு வருகிறேன். நெருக்கமாக அடுக்கிய புத்தக வரிசை, ஓரடிக்குச் சுமார் 10 கிலோ எடை இருக்கும். ஆறடிப் பலகை என்றால் 60 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் நிரந்தரமாக அதன்மேல் படுத்திருப்பதற்குச் சமம். 18 மி.மீ. பிளைவுட் இரண்டரை அடிவரை அந்தப் பாரத்தை முனகாமல் தாங்கும், மூன்றடி அதன் எல்லை. அதற்கு மேல் நடுவில் குத்துப்பலகை கொடுக்காவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் தொய்ந்துவிடும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல மரச் சட்டம் ஒன்றை நிறுத்தி ஒட்டச் சொன்னால் பலகை விறைப்பாக நிற்பதோடு, பிளைவுட்டின் வெட்டுமுகமும் மறையும். உயரமான அலமாரி எதுவானாலும் மேற்பகுதியை இரும்புப் பிராக்கெட் வைத்துச் சுவரோடு முடுக்காமல் விடாதே; சின்னவன் தட்டுகளை ஏணியாக்கிக் கொள்ளும் வயதில் இருக்கிறான்.

ஆழத்தில்தான் ஆசாரிகள் வழக்கமாகத் தாராளம் காட்டுகிறார்கள். துணி அலமாரிக்குப் பழகிய கை, புத்தகத்துக்கும் ஒன்றரை அடி ஆழம் கொடுத்துவிடும். டெம்மி அளவுத் தமிழ்ப் புத்தகத்தின் அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் எட்டரை அங்குலம். கிரவுன் அளவு அதைவிடச் சிறியது. ஆகவே 10 அங்குல ஆழமும் தட்டுக்குத் தட்டு 10 அங்குல இடைவெளியும் பெரும்பாலான புத்தகங்களுக்குப் போதும். வால்யூம்களுக்கும் பிள்ளைகளின் பெரிய படப்புத்தகங்களுக்கும் மட்டும் 14 அங்குல இடைவெளியுள்ள இரண்டு தட்டுகள் வேண்டும்.

அதோடு, உள் படுக்கையறையில் பில்டர் விட்டுப்போன கடப்பாக் கல் அலமாரியை இடித்துவிடப் போவதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். தயவுசெய்து தடுத்து நிறுத்து. கடப்பாக் கல் தொய்யாது, கறையான் அதைத் தின்னாது. அதன் குறை இருட்டும் மிகையான ஆழமும்தான். தட்டின் பின்பாதியில் நான்கு அங்குல உயரத்துக்கு மரக்கட்டைகளை வைத்து அவற்றின்மேல் ஒரு பலகையைப் போட்டால், பின்வரிசைப் புத்தகங்கள் முன்வரிசைக்கு மேலே தலைகாட்டும். உட்சுவருக்கு வெளிர் வண்ணம் அடித்துவிட்டால் பாதி இருட்டு போய்விடும். புதிய அலமாரிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கில் இது முடியும்.

ஹாலில் நீ தேர்ந்தெடுத்திருக்கும் சுவர் எது என்பதை ஒருமுறை யோசி. வடகிழக்குப் பருவமழையில் நனையும் வெளிச்சுவரும், மறுபக்கம் குளியலறை உள்ள சுவரும் புத்தகத்துக்கு ஆகாது. வேறு சுவர் இல்லையென்றால் அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓரங்குலம் காற்றோட்டம் விடச் சொல். மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் துகள்பலகை மலிவுதான், ஆனால் ஒருமுறை ஈரம் ஏறினால் ஊறிய ரொட்டியாக உப்பிவிடும், ஸ்குருவும் பிடிக்காது. இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் 303 முத்திரையுள்ள, ஈரத்தைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரப் பிளைவுட் வீட்டுக்குப் போதுமானது. கீழ்த்தட்டுக்கு மட்டும் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் போடலாம். நீங்கள் தரைத்தளத்தில் இருப்பதால், அந்தக் கீழ்த்தட்டு தரையிலிருந்து நான்கு அங்குலமாவது உயர்ந்து கால்கள்மேல் நிற்கட்டும். கறையான் மண்கோடு போட்டால் குனிந்து பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

அப்பாவின் வால்யூம்களுக்குக் கறையானைவிடப் பெரிய பகை இராமபாணப் பூச்சி. பைண்டர்கள் மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சேர்ப்பது இதற்காகவே. சேர்க்காமல் கட்டியவற்றின் முதுகுப்பக்கம் அரித்திருக்கும். லாரியிலிருந்து இறங்கியதும் நேராக அலமாரியில் ஏற்றாதே. பால்கனி நிழலில் விரித்து, தாள்களைப் புரட்டி, தூரிகையால் தட்டி, நன்றாகக் காற்றாடிய பிறகு உள்ளே கொண்டுபோ. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அந்துருண்டை வேண்டாம். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துச் சூடத்தோடு துணியில் முடிந்து சுவடிகளுக்கு அருகில் வைப்பார்கள். வசம்புப் பொடி முடிச்சு மட்டுமாவது நம்மால் வைக்க முடியும். வேப்பிலை வைப்பதானால் சருகாகக் காய்ந்த பிறகுதான். ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் இறக்கித் துடைக்க சரஸ்வதி பூஜையைவிட நல்ல நாள் கிடைக்காது. மழை தொடங்குவதற்குச் சற்று முன்பாக வருவதும் வசதிதான்.

அலங்காரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. புத்தகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றும் செடி மட்டும் வேண்டாம். தாத்தா கடையின் இரண்டு கிலோ இரும்பு எடைக்கற்களுக்கு எண்ணெய் தடவித் துடைத்து, வரிசையின் ஓரத்தில் முட்டுக்கொடுத்துப் பார்; கடையில் விற்கும் எந்தத் தாங்கியும் அந்த அழகுக்கு ஈடாகாது. கொலுப் பெட்டியில் ஆண்டெல்லாம் உறங்கும் தலையாட்டிப் பொம்மைக்கு நடுத்தட்டில் ஓரிடம் கொடு. எல்.இ.டி. பட்டையைப் பின்சுவரில் ஒட்டினால் புத்தகங்கள் நிழலுருவங்களாகத்தான் தெரியும். பலகையின் முன்விளிம்புக்கு அடியில், முதுகுகளை நோக்கி ஒட்டு. 2700 முதல் 3000 கெல்வின்வரையிலான இளமஞ்சள் வெளிச்சம் பழைய காலிகோவுக்குப் பொருந்தும். மேற்கு ஜன்னலுக்குத் திரை போட மறக்காதே. வெயில் பட்டால் சிவப்பு அட்டைகள்தான் முதலில் வெளுக்கும். கண்ணாடிக் கதவு, வால்யூம்கள் இருக்கும் தட்டுகளுக்கு மட்டும் போதும். அதிலும் மேலும் கீழும் காற்றுத் துளைகள் இருக்கட்டும்.

கூரைவரை அலமாரி வேண்டுமென்ற மாப்பிள்ளையின் விருப்பத்துக்கு, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தெடுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் எப்போதோ பதில் சொல்லியிருக்கிறார். புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதி. அதை விளக்கும்போது, சராசரி உயரமுள்ள ஒருவர் வெறுங்காலோடு வெறுந்தரையில் நின்று எட்டும் உயரத்துக்கு மேல் தட்டு கூடாது என்றார். நம் வீட்டுக் கணக்கில் அது ஆறரை அடி. அதற்கு மேலே லாஃப்ட் கட்டிக் கொலுப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டை ஒதுக்கு. பஞ்சாங்கம், திவ்யப்பிரபந்தம், மூக்குக் கண்ணாடி மூன்றும் அங்கேயே இருக்கட்டும். அடியிலுள்ள இரண்டு தட்டுகள் பிள்ளைகளுடையவை. அவற்றில் ஒன்றையாவது, புத்தகத்தின் அட்டை வெளியே தெரியும்படி சாய்த்து நிறுத்தும் மூன்று அங்குலத் தாங்கியாகச் செய்யச் சொல். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் முதுகைப் பார்த்தா புத்தகம் எடுப்பார்கள்? பெயரில்லாத வால்யூம்களுக்கு வெள்ளைத் தாளில் கதையின் பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டும் வேலையை மருமகளிடம் ஒப்படைக்கலாம். அவள் கையெழுத்து நம் எல்லோருடையதையும்விடத் தெளிவு.

ஆசாரி அளவெடுக்க வரும் நாளன்று எனக்கு ஒரு போன் போடு. கடப்பா அலமாரியின் ஆழத்தையும் ஹால் சுவரின் நீளத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். முன்பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்