ஏரி மாவட்டப் பயணத்துக்குத் தாங்கள் கொடுத்த மோட்டார்ஹோம் பற்றிய புகார்

அனுப்புநர்:
முன்பதிவு செய்தவர் (பெயரும் முகவரியும் தங்கள் பதிவேட்டில் உள்ளபடி),
திருச்சி.

பெறுநர்:
பொது மேலாளர்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: இங்கிலாந்து ஏரி மாவட்டத்தில் ஜூன் மாதம் தாங்கள் கொடுத்த வண்டியில் சார்ஜர் வேலை செய்யாதது, உதவி கிடைக்காதது, டெபாசிட்டில் பிடித்த 640 பவுண்டைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தைப் போனில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் சொன்னேன், உங்கள் இணையதளப் படிவத்தில் இனி எழுத இடமில்லை என்று அதுவே சொல்லும்வரை தட்டினேன். ஒவ்வொரு தடவையும் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம் மேடம், கொஞ்சம் டைம் கொடுங்க" என்பதுதான் பதில். கோடையில் ஆரம்பித்தது, இங்கே ஐப்பசி மழையே பிடித்துவிட்டது. அந்த மேலிடம் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரிந்தால் நேரிலேயே ஏறி வந்திருப்பேன். தெரியாததால் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புகிறேன்.

வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. அடுப்பு, படுக்கை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன் வீடு. உங்கள் வண்டி, உங்களுக்குத் தெரியாததா? கதவுக்கு மேலே இருக்கும் அந்தப் பேனலில் மூன்றாவது பட்டனை அமுக்கினால், விளக்குக்கும் பம்புக்கும் கரண்ட் தரும் 12 வோல்ட் உள்பேட்டரியின் வோல்ட் காட்டுமே, அது முதல் ராத்திரியே 11-க்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேம்ப்சைட்டின் கரண்ட் கம்பத்தில் கேபிளை மாட்டியிருக்கும்போது, சார்ஜர் ஏற்றி அது 13-க்கு மேல் நிற்க வேண்டும் என்று நீங்கள் கொடுத்த மஞ்சள் ஃபைலிலேயே போட்டிருக்கிறது.

மான்செஸ்டரில் வண்டியை எடுத்து, எம்6 நெடுஞ்சாலையில் 36ஆம் சந்திப்பில் இறங்கி, விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் போய்ச் சேர்ந்தோம். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரைப் பக்கம் கேம்ப்சைட். ஜூன் மாதத்தில் அங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் விளக்கு மங்கிக்கொண்டே வந்தது கண்ணில் படவில்லை. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தேன். பம்ப் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பேனலே இருட்டு. ஃபிரிட்ஜின் பச்சை விளக்கு இல்லை, டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை. என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில்தான் இருந்தது.

காலையில் கேம்ப்சைட் பொறுப்பாளர் வந்தார். வயதானவர், கையில் ஒரு சின்ன மீட்டர். கம்பத்தில் வைத்துப் பார்த்தார், 230 வோல்ட் சரியாக வந்தது. வண்டிக்குள் வந்து கெட்டிலைப் பிளக்கில் மாட்டினார், தண்ணீர் கொதித்தது. பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் பலகையைத் தூக்கி, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் கம்பியை வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கேபிள் மாட்டியபடியே இருக்கிறது, மீட்டர் முள் ஒரு இழைகூட ஏறவில்லை. "சார்ஜர் போயிடுச்சு" என்று அவர் ஊர் பாஷையில் சொல்லிவிட்டு, கேட்காமலேயே இன்சுலினை வாங்கிப் போய்த் தன் அலுவலக ஃபிரிட்ஜில் வைத்தார். அவர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் இல்லை.

உங்களிடம் சம்பளம் வாங்குகிறவருக்கு இப்போது வருகிறேன். 24 மணி நேர உதவி எண் என்று ரசீதின் தலையிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்களே, அதற்குப் போன் செய்தேன்.

"கெட்டில் கொதிக்குதா மேடம்?"

"கொதிக்குது."

"அப்போ கரண்ட் இருக்கு. வண்டியில ஒரு பிரச்சினையும் இல்லை."

கெட்டில் ஓடுவது 230 வோல்டில், விளக்கும் பம்பும் ஃபிரிட்ஜின் கன்ட்ரோலும் ஓடுவது 12 வோல்டில், முதலாவதை இரண்டாவதாக மாற்றிப் பேட்டரியில் ஏற்றும் பெட்டிதான் செத்திருக்கிறது என்று நிதானமாகத்தான் சொன்னேன். அதற்கு அந்த இளைஞர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பக்கத்துல சார் இருக்காரா? போனை அவர்கிட்ட கொடுங்க மேடம்."

ஐயா, நான் ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே வேலையை முடித்து வந்தவள். என் கணவர் தமிழாசிரியர். வண்டி அழகாக ஓட்டுவார், ஃபியூஸ் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். ஆனாலும் கொடுத்தேன். அவரிடம் உங்கள் ஆள் சொன்னது: "லேடீஸ் ஏதாவது பட்டனை மாத்தி அமுக்கியிருப்பாங்க சார், நீங்க ஒரு தடவை பாருங்க." என் கணவர், "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. கட்டானதா, கட் செய்ததா என்று உங்கள் ரெக்கார்டிங்கைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். பயிற்சிக்காகப் பதிவு செய்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்கள், யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்?

அப்புறம் மான்செஸ்டர் டிப்போவைக் கேட்டால், "உங்களுக்கு விற்றவர்கள் சென்னைக்காரர்கள், அவர்களைக் கேளுங்கள்." சென்னையைக் கேட்டால், "வண்டி மான்செஸ்டர் டிப்போவுடையது." கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் குடியிருந்த டவ் காட்டேஜுக்கு என் கணவர் மட்டும்தான் உள்ளே போனார். நான் வாசலில் நின்று உங்கள் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மெட்டு இப்போது எனக்கு மனப்பாடம்.

இதற்கெல்லாம் மேல் கார்லைல். "அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் உங்களுக்கு நேரம் பதிவு செய்தாயிற்று" என்று மெசேஜ் வந்தது. அன்றைக்கு எங்கள் திட்டமே வேறு. கிர்க்ஸ்டோன் கணவாய் ஏறி அல்ஸ்வாட்டர் ஏரிக்குப் போய், 1877இல் நீரில் இறக்கிய 'லேடி ஆஃப் தி லேக்' என்ற நீராவிக் காலத்துப் படகில் போவதாக இருந்தோம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்தப் படகு இத்தனை வருஷம் கழித்து இன்னும் ஓடுகிறது, உங்கள் சார்ஜர் ஒரு ராத்திரி ஓடவில்லை. சரி, வண்டி சரியானால் போதும் என்று ஏ66 சாலையில் பென்ரித் வந்து, எம்6 பிடித்து வடக்கே கார்லைல் போனோம்.

போனால், எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. அதோடு, அவர்கள் எஞ்சினும் பிரேக்கும் பார்க்கிற கடை. வேன் செய்தது ஒரு கம்பெனி, அதன்மேல் வீட்டைக் கட்டியது வேறு கம்பெனி, வீட்டுப் பகுதியில் நாங்கள் கை வைக்கமாட்டோம் என்றார்கள். மோட்டார்ஹோம் வாடகைக்கு விடுகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. எந்தக் கடைக்கு எதற்கு அனுப்புகிறோம் என்று பார்க்காமல் அனுப்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நான் விடவில்லை. ஒரு பையன் மனசு இளகி உள்ளே வந்து பேனலைப் பார்த்தான். எல்லா விளக்கும் ஜோராக எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அத்தனை தூரம் ஓடி வந்த வண்டியில் எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் உள்பேட்டரியை ஏற்றிவிட்டிருக்கும். சாயங்காலம் நிறுத்தினால் மறுபடி இறங்கும். அதைச் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அன்று மாலையே உங்கள் பதிவேட்டில் "சோதிக்கப்பட்டது, குறையில்லை" என்று ஏறியிருக்கிறது. அதை ஏற்றியவர் யார்? எந்த மீட்டரை வைத்துச் சோதித்தார்?

அதற்கப்புறம் எங்கள் விடுமுறை எப்படிப் போனது தெரியுமா? ராத்திரி தண்ணீர் வர வேண்டுமென்றால் பகலில் வண்டியை ஓட்டியாக வேண்டும். ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார வந்தவர்கள், பேட்டரிக்காக டீசல் எரித்து ஊர் சுற்றினோம். ராத்திரியில் எஞ்சினை ஓடவிட கேம்ப்சைட்டில் அனுமதி இல்லை, அது நியாயமும்கூட. டார்ச் வெளிச்சத்தில் வாளியில் தண்ணீர் தூக்கி வந்து குளித்த ஒரே லட்சாதிபதிகள் அந்த ஊரில் நாங்களாகத்தான் இருப்போம்.

இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மஞ்சள் ஃபைலில் "அழகிய மலைப்பாதைகள்" என்ற தாளில் ஆம்பிள்சைடிலிருந்து ரைனோஸ், ஹார்ட்நாட் கணவாய்கள் வழியாக எஸ்க்டேல் போகச் சொல்லி, ரோமானியர் கோட்டை படத்தையும் போட்டிருக்கிறீர்கள். ஹார்ட்நாட் பாதை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், அதாவது மூன்றடி போனால் ஓரடி உயரம் என்று ஏறுகிறது, ஒற்றை வண்டி அகலம், கொண்டையூசி வளைவுகள். கேம்ப்சைட் பெரியவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், அப்புறம் எங்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். "இந்த வண்டியில் அங்கே போகவே போகாதீர்கள்" என்றார். அதே ஃபைலின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அந்த இரண்டு கணவாய்களிலும் நடக்கும் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்றும் இருக்கிறது. போகச் சொன்னதும் நீங்கள்தான், போனால் பொறுப்பில்லை என்றதும் நீங்கள்தான். அந்தப் பெரியவர் இல்லாவிட்டால் இன்று இந்தக் கடிதத்தை எழுத நானே இருந்திருக்கமாட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு 1,500 பவுண்டு டெபாசிட்டில் 640 பவுண்டைப் பிடித்துக்கொண்டு, காரணம் "வாடிக்கையாளரின் தவறான பயன்பாட்டால் பேட்டரி சேதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சார்ஜர் வேலை செய்யாததால் ஒவ்வொரு ராத்திரியும் பேட்டரி அடியோடு இறங்கியது. அப்படி இறங்கினால் பேட்டரி கெடும், அது நிஜம். கெடுத்தது யார்? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள், நீங்கள் கிள்ளிவிட்டுத் தொட்டிலுக்கும் வாடகை கேட்கிறீர்கள்.

எங்களுக்கு ஆன நஷ்டத்தைப் பணத்தில் சொல்லி முடியாது. விசா, விமான டிக்கெட், அதற்கென்றே வாங்கிய ஸ்வெட்டர்கள் வரை எல்லாம் வீண். இந்த வயதில் இன்னொரு தடவை அந்த ஏரிகளைப் பார்க்கப் போகிறோமா என்ன? பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட என் போனில் இருப்பது டெர்வென்ட்வாட்டர் அல்ல, உங்கள் பேனலின் படம்தான், வரிசை வரிசையாக. அதையும் இத்துடன் அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. என் தங்கை உங்கள் மூலமாகக் காசி போய் நல்லபடியாக வந்தாள், அவள் சொல்லித்தான் நாங்களும் வந்தோம். பேசித் தீர்க்கவே விரும்புகிறேன். நான் கேட்பது: பிடித்த 640 பவுண்டு முழுதாக, வண்டி வாடகையில் பாதி, கார்லைல் போய்வந்த டீசல், தவறவிட்ட படகு டிக்கெட். அதோடு, "லேடீஸ்" என்று பேசியவரிடமிருந்து, அவருடைய மேலதிகாரி கையெழுத்தும் சேர்த்து, எழுத்து மூலமான மன்னிப்பு. மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே பேசலாம். கடைசியில் சொன்னதில் பேச்சே இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். "எங்கள் எல்லை சென்னை நீதிமன்றம் மட்டும்" என்று ரசீதின் பின்னால் அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். அந்தச் சட்டம் நுகர்வோர் குடியிருக்கிற ஊரிலேயே மனு போட இடம் கொடுக்கிறது, ஆகவே நீங்கள்தான் திருச்சிக்கு வந்து போக வேண்டியிருக்கும். அப்போது வாடகையில் பாதி என்று கேட்கமாட்டேன், முழுத் தொகையும் மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடும் சேர்த்துக் கேட்பேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதல் புகாரை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் வக்கீல்களுக்குக் குறைவில்லை என்பதையும் தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்பதிவு யார் பெயரில் இருக்கிறதோ, அவர்.

இணைப்பு: ரசீது, டெபாசிட் பிடித்தம் பற்றிய மின்னஞ்சல், பேனலின் படங்கள், கார்லைல் மெசேஜின் நகல், கேம்ப்சைட் பொறுப்பாளர் கைப்பட எழுதிக் கொடுத்த குறிப்பு, மஞ்சள் ஃபைலின் இரண்டு பக்கங்கள்.

பி.கு.: பதிலைத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பவும். போன் செய்ய வேண்டாம். செய்தே ஆக வேண்டுமென்றால் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை சார் தூங்குவார், நான்தான் எடுப்பேன்.