காசு கொடுத்து வாங்கிய கரண்ட்

திருநெல்வேலி

அன்புள்ள மீனாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமா? தாறுமாறான இதயத் துடிப்பைச் சரிசெய்ய ஆஸ்பத்திரியில் எனக்குக் கரண்ட் ஷாக் கொடுக்கிற தேதியைச் சொல்லாமல் வைத்தது நான்தான், அம்மாவைத் திட்டாதே. "ஈசிஜி நார்மல் ஆயிட்டுல்லா, இன்னும் எதுக்குப்பா ரத்தம் உறையாத மாத்திரை?" என்று கேட்டாயே, அதற்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை. அதான் கடிதம்.

தை மாசம் முழுக்க மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசு என்று விட்டுவிட்டேன். அம்மாதான் பிரஷர் மெஷினைக் கையில் கட்டினாள். துடிப்பு ஒழுங்கில்லை என்று அது இதயப் படம் காட்டி மின்னியது. நானே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். லூஸ் காண்டாக்ட் லைனில் பல்பு மினுக்குமே, அப்படி. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்கிக்கொண்டு கிடக்கின்றன, பேர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் டாக்டர்.

ரெண்டு வழி சொன்னார். துடிப்பு தாறுமாறாகவே இருக்கட்டும், வேகத்தை மட்டும் அடக்குவது ஒன்று. ரிதத்தையே, அதாவது துடிப்பின் ஒழுங்கையே, திரும்பக் கொண்டுவருவது இன்னொன்று. மாப்பிள்ளை அனுப்பிய 2002 ஆராய்ச்சியை அவரிடம் காட்டினேன். 4,060 பேரில் எந்த வழியானாலும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை என்பது சரிதானாம். ஆனால் 2020-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சியில், நோய் தெரிந்து ஒரு வருஷத்துக்குள் இருந்த 2,789 பேரைப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே ரிதத்தைப் பிடித்தவர்களுக்குப் பக்கவாதமும் இதயச் சாவும் குறைந்ததாம். எனக்கு நோய் இருப்பது தெரிந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. சரி என்றேன்.

உடனே ஷாக் கிடையாது. நடுங்குகிற இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு. ரத்தம் தேங்கி உறைவது அங்கேதான் அதிகம். ரிதம் திரும்பும்போது அந்தக் கட்டி கிளம்பினால் நேரே மூளை. அதனால் மூன்று வாரம் அபிக்ஸபான் என்கிற ரத்தம் உறையாத மாத்திரை, காலை ஒன்று ராத்திரி ஒன்று. ஒரு வேளையும் தவறக்கூடாது. தினசரிக் காலண்டரில் டிக் போட்டேன்.

36 வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியும் அடி வாங்காமல் ரிட்டையர் ஆனவன், காசு கொடுத்துப் படுத்து வாங்கிக்கொண்டேன். 200 ஜூல், ஒரே அடி. மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த மெஷினில் 'சிங்க்' என்று ஒரு பொத்தான். துடிப்பின் எந்த இடத்தில் அடி விழவேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்கிறது. தப்பான நேரத்தில் விழுந்தால் கீழறைகளும் நடுங்கி ஆளே போய்விடுவான். ஜெனரேட்டரை கிரிட்டில் சேர்க்க ஃபேஸ் பொருந்தும்வரை காத்திருப்போமே, அதே கதை. 1962-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் லவுன் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் கூட எழுதியவர் ஒருவர் பேர் அமரசிங்கம். நம்ம பக்கத்துப் பேர் மாதிரி இல்லை?

இனி உன் கேள்வி. ஈசிஜி ஒழுங்காகத் தெரிந்தாலும் மேலறை சில வாரம் மரத்துப்போய்க் கிடக்கும். குறைந்தது நாலு வாரம் மாத்திரை அநேகமாக எல்லாருக்கும் உண்டு. எனக்கு வயசு 68, பிரஷரும் இருக்கிறது, அதனால் நிறுத்துகிற பேச்சே இல்லை. நடுக்கம் எனக்கே தெரியாமல் ராத்திரி வந்து போகலாம். மாப்பிள்ளை அனுப்பிய ஆராய்ச்சியிலேயே பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாத்திரையை நிறுத்தியவர்கள், இல்லை அளவு போதாதவர்கள். அந்தப் பக்கத்தையும் அவர் படிக்கட்டும்.

ரிதம் நிலைக்க அமியோடரோன் தருகிறார்கள். அயோடின் நிறைந்த மருந்து. தைராய்டு, ஈரல் எல்லாம் டெஸ்ட் பண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். வெயிலும் ஆகாதாம். நம்ம ஊரில் இருந்துகொண்டு! குடையோடுதான் திரிகிறேன். நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்களில்தான் பெரும்பாலும் இந்த நடுக்கத்தின் பொறி கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்சில் போர்தோ டாக்டர்கள் காட்டினார்கள். திரும்ப வந்தால் தொடை வழியே வயர் விட்டு அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றிச் சுட்டுவிடலாமாம். அதை அப்போது பார்ப்போம், இப்போதே டிக்கெட் போடாதே.

அப்புறம் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலும் இந்த நோய் கிளம்புமாம். டாக்டர் கேட்டு முடிக்குமுன் அம்மா 20 வருஷக் கணக்கையும் ஒப்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வயர்களை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் தூங்கவேண்டும். அம்மா துணைக்கு வரமாட்டாளாம். ஒரு ராத்திரியாவது வீட்டில் நிம்மதியாகத் தூங்கணுமாம்.

இப்படிக்கு
அப்பா