அட்டையில் ஒரு காலிக் கட்டம்

அன்புள்ள சரோ,

உன் பொங்கல் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை, எனக்கு அவர். சரி, அதை விடு.

பேரனை விளையாட்டுப் பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசி அட்டை கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் ஒன்றரை வயதுக் கட்டம் காலி. தட்டம்மை ஊசி இரண்டாவது டோஸ் இல்லை, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான முத்தடுப்பு பூஸ்டரும் இல்லை. பையனுக்கு இரண்டரை வயது! முப்பது வருஷம் கிராம நர்ஸாகத் தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தவள் வீட்டில்! நம் மேட்ரன் பார்த்திருந்தால் என்னை முட்டி போட வைத்திருப்பார்.

வாட்ஸாப்பில் கண்டதைப் படித்துப் பயந்துவிட்டாயா என்று மருமகளைப் பிடித்துக்கொண்டேன். 2017 தட்டம்மை-ரூபெல்லா முகாமில் அந்தப் புரளிகளோடு நாம் பட்ட பாடு மறக்குமா? அவள் நிதானமாகச் சொன்னாள்: "போனேன் அத்தை. சளி இருக்கு, அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் லீவு கிடைக்கல." அவ்வளவுதான் விஷயம். லேசான சளிக்கு ஊசியை நிறுத்தவே வேண்டாம் என்பது நமக்கு மனப்பாடம். அங்கே யாருக்கோ இல்லை.

அன்றிலிருந்து எனக்கு அந்த வாய்க்கால் தெருக்காரி நினைவாகவே இருக்கிறது. நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து வந்தாள். அன்றைக்கு அவள் ஒருத்திதான். அம்மை மருந்துக் குப்பி ஒன்றில் பல பிள்ளைகளுக்கான மருந்து, கலக்கினால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிச்சம் வீண், ஸ்டாக் கணக்கில் கேள்வி வரும். "அடுத்த புதன் வாம்மா" என்றேன். வரவேயில்லை. பதிவேட்டில் 'வரவில்லை' என்றுதான் எழுதினேன், நான் திருப்பி அனுப்பியதை எழுதவில்லை.

2008-ல் திருவள்ளூரில் அம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்த பிறகு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்று மாற்றினார்களே. அன்றிரவு நீயும் நானும் தூங்கவில்லை. யாரைக் குறை சொல்வது? ஆனால் நாம் வீட்டு வாசலுக்குப் போனது நின்று, தாய்மார்கள் பஸ் ஏற வேண்டியதாயிற்று. தேசிய குடும்ப நல ஆய்வில் 2005-06-ல் நம் மாநிலத்தில் அடிப்படை ஊசிகளை முடித்த குழந்தைகள் நூற்றுக்கு 81. பத்து வருஷம் கழித்து 70. 2019-21-ல் 89 வரை ஏறியது என்பதில் எனக்கும் பெருமைதான். இருந்தாலும் இடையில் குறைந்த அந்தப் பதினொன்றில் என்னால் திரும்பிப் போனது எத்தனை என்று மனசு கணக்குப் போடுகிறது. நீ இப்படிக் கணக்குப் போட்டதுண்டா?

நேற்று புதன். பேரனை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து வயதுக்குள் போடலாம் என்பதால் பிழைத்தோம். மணி மூன்றரை, எங்களைத் தவிர ஒரு பிள்ளையும் இல்லை. அந்த நர்ஸ், சின்னப் பெண், பேசாமல் புது மருந்தை எடுத்துக் கலக்கினாள். "ஒரு பிள்ளைக்காகவா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது சரோ. எச்சிலோடு விழுங்கினேன்.

ஆவணிக் கல்யாணத்துக்கு வா. ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொண்டு வா.

உன்,
பழைய பெஞ்சுக்காரி