ஆமையைத் தண்ணித் தொட்டியில போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுத் தோட்டத்துல ஆமை வளர்க்கலாம்னு ஒரு பக்கம் வந்திருந்துச்சே, அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். எழுதுனவங்க நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காங்க, தெரியுது. ஆனா போட்டோல நீலக்கலர் டப்புல முக்கால்வாசி தண்ணி ஊத்தி உள்ள ஒரு ஆமைக்குட்டியை விட்டிருக்காங்க பாருங்க, அது சல்கேட்டா. நீந்துற ஜாதியே கிடையாது. சகாராவுக்குத் தெக்கால காஞ்ச பூமியில வளை தோண்டி வாழுற தரை ஆமை. ஆழமான தண்ணியில விட்டா முங்கித்தான் போகும்.

நம்ம தமிழ்ல கடல்ல கிடக்குறதும் ஆமை, குளத்துல கிடக்குறதும் ஆமை, மண்ணுல நடக்குறதும் ஆமை, பாதி வினை அதுலதான் வருது. காலைப் பாத்தாலே தெரிஞ்சிடும். குளத்து ஆமைக்கு வாத்து மாதிரி விரலுக்கு நடுவுல ஜவ்வு இருக்கும், தரை ஆமை காலு குட்டி யானையோட காலு மாதிரி உருண்டையா இருக்கும். வளர்க்க முடியலன்னு கோயில் தெப்பக்குளத்துல கொண்டு போய் விட்டுட்டு புண்ணியம்னு நினைச்சிட்டு வர்றாங்களே, தரை ஆமையா இருந்தா அது கொலைதான்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எட்டு வருஷம் முன்னாடி என் தம்பி உள்ளங்கையில அடங்குற சைஸ்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தான், ரெண்டே வருஷத்துல வேலைக்குன்னு வெளிநாடு போயிட்டான், ஆமை என் தலையில. இப்ப 22 கிலோ. அரிசி மூட்டை நிறுக்குற தராசுலதான் எடை போடுறோம். காலையில முற்றத்துல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கைய பின்னாடி கட்டுன மாதிரி நடக்கும், அதனால வாத்தியார்னு பேரு. இன்னும் இரட்டிப்புக்கு மேல வளருமாம், அம்பது வருஷத்துக்கு மேலயும் இருக்குமாம், எனக்கு இப்பவே 54.

உங்க கட்டுரையில சுத்தி கம்பி வலை போட்டா போதும்னு இருக்கு. போதாதுங்க. வலைக்கு அந்தப்பக்கம் தெரியுதுன்னா வழி இருக்குன்னுதான் அது நினைக்கும், நாள் பூரா மூஞ்சிய வெச்சு முட்டிக்கிட்டே கிடக்கும். வாத்தியாருக்கு மூக்கு தேஞ்சு ரத்தமே வந்திருச்சு. அப்புறம்தான் ஹாலோ பிளாக் வெச்சு ரெண்டடிக்கு சுவர் எழுப்புனேன், மண்ணுக்கு அடியில ஒன்றரை அடி இறக்கி. சுவரை ஒட்டி உள்பக்கமா கடப்பாக்கல்லும் பதிச்சாச்சு, ஏன்னா இவரு தோண்ட ஆரம்பிச்சா ஜேசிபி தோத்துப்போகும், பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் வரைக்கும் போயிருப்பாரு. மூலைய மட்டும் கூர்மையா விடாம வளைச்சுக் கட்டச் சொல்லுங்க. மூலையில ரெண்டு பக்கமும் கால ஊனி ஏறப் பாக்கும், ஏறி அப்படியே மல்லாக்க விழும்.

மல்லாக்க விழுறது என்னன்னு நான் கண்ணால பாத்தேன். ஒரு சித்திரை மாசம் மத்தியானம், மொட்டை மாடியில வத்தல் காயப்போட்டுட்டு கீழ பாக்குறேன், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல நாலு காலும் மேல. கொஞ்ச நேரமாவே அப்படி கிடந்திருக்கும் போல, வாயெல்லாம் நுரை, கழுத்து தொங்குது. அதோட எடை அதோட நுரையீரல் மேலயே அமுங்குது, மேல வெயில், அதுக்கு வேர்க்கவும் செய்யாது, எப்படித் தாங்கும். மெதுவா நிமித்தி நிழல்ல வெச்சு, ஈரத்துணி போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுதான் தலைய தூக்குச்சு. அன்னைக்கே துவைக்கிற கல்லை வெளிய தள்ளியாச்சு. கூண்டுல பாதி இடமாவது எந்நேரமும் நிழல் இருக்கணும். எங்க வீட்டுல புங்கமரம் இருக்கு, இல்லாதவங்க தென்னங்கீத்தாவது போடுங்க. மதுரை வெயிலு ஆப்பிரிக்கா ஆமைக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுவாங்க, அங்க அது மத்தியானம் வளைக்குள்ள குளுகுளுன்னு படுத்திருக்கும்ல.

வெயிலைவிட மோசம் ஐப்பசி மழைதான். ஒரு தடவை அது தோண்டி வெச்சிருந்த வளையில தண்ணி இறங்கி ராத்திரி பூரா ஈரத்துலயே கிடந்திருக்கு, மறுநாள் மூக்குல குமிழ் குமிழா வருது, மூச்சு விட்டா விசில் சத்தம். டாக்டர் முன்னங்கால்லதான் ஊசி போட்டாரு, பின்னங்கால்ல போட்டா மருந்து கிட்னி வழியா போயிடுமாம். ரெண்டு வாரம் படாதபாடு. இப்ப அரையடி மேடை கட்டி மேல செங்கல் கூடு, வாசல்ல சாக்கு படுதா, மழைக்காலத்துல உள்ள ஹீட் பல்பு, கூட்டுக்குள்ள ஈரம் மட்டும் ஆகவே ஆகாது. ஆனா இது பெருசுக்குத்தான். குட்டிக்கு நேர்மாறு, ரொம்ப காய விட்டா ஓடு பிரமிடு மாதிரி மேடு மேடா வளந்துடும். அதுக்கு ஒரு தட்டுல தாடை நனையாத அளவுக்கு வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி தினம் ஒரு கால் மணி நேரம் உக்கார வைக்கணும். பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற மண் தட்டு போதும். நீல டப்பு வேணாம்.

குட்டிக்கு மேலயும் வலை போட்டு மூடணும், காக்காவும் பருந்தும் சும்மா விடாது, கீரி பெருச்சாளி தெருநாய் எல்லாம் இருக்கு. நாய் ஓட்டைக் கடிச்சுக் குதறிடும், நம்ம வீட்டு நாயா இருந்தாலும்தான். அதுக்காக வீட்டுக்குள்ள டைல்ஸ் தரையில விடாதீங்க, வழுக்கி வழுக்கி கால் கோணிடும், கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயிலும் ஓட்டுக்கு உதவாது, நேர் வெயில் படணும்.

சாப்பாட்டுக்கு தக்காளி, வெள்ளரி, வாழைப்பழம்னு போட்டிருந்தீங்க. ஐயா, அது புல்லு தின்னுற ஜீவன். அருகம்புல், மாட்டுக்குப் போடுற கோ-4 புல்லு, செம்பருத்தி இலையும் பூவும், முள்ளு சீவுன சப்பாத்திக்கள்ளி, அப்பப்ப முருங்கைக்கீரை, அம்புட்டுதான். பழம் குடுத்தா வயித்தால போகும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில கடல் நுரை கேளுங்க, கணவா ஓடுதான், ஒரு துண்டு போட்டு வெச்சா அதுவே கொறிச்சுக்கும். அரளி, எருக்கு ரெண்டும் எட்டுற தூரத்துல இருக்கக்கூடாது. கேரி பேக்கும்தான், அதையும் இலைன்னு நினைச்சு முழுங்கிடும்.

ஓடிப்போகாம இருக்க ஓட்டுல ஓட்டை போட்டு சங்கிலி கட்டுறவங்களையும் பாத்திருக்கேன். ஓடுங்குறது சட்டை இல்ல, முதுகெலும்பும் விலா எலும்பும் சேந்ததுதான் அது, தொட்டா அதுக்குத் தெரியும். நம்ம நகத்துல டிரில் போட்டா எப்படி இருக்கும்னுகூட சொல்ல முடியாது, எலும்புலனா யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, கட்டுரையில நட்சத்திர ஆமை படமும் ஒண்ணு ஓரத்துல போட்டிருந்தீங்க, அழகா இருக்குன்னு போட்டிருப்பீங்க. அது நம்ம ஊரு ஆமை, வீட்டுல வெச்சிருந்தாலே குத்தம். 2022-ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்துனதுல முதல் அட்டவணைக்கே போயிடுச்சு, புலி இருக்குற அட்டவணை. ஜாமீன், கோர்ட்டுன்னு அலையணும். சல்கேட்டா மாதிரி வெளிநாட்டு ஆமைக்கும் 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணனும், நான் பண்ணிட்டேன். எதிர்த்த வீட்டு அத்தை இன்னமும் ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. நட்சத்திர ஆமையா இருந்தா அத்தை சொல்றது சரிதான், ஆமை முன்னாடி வரும், அமீனா பின்னாடியே வருவாரு.

தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்கன்னு ஒரு வரி சேத்திருக்கலாம், சின்னப் பிள்ளைங்களுக்கு சால்மோனெல்லாங்குற வயித்துக் கிருமி தொத்திக்கும்.

திருத்தம் போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். அந்த போட்டோ எடுத்தவரு உங்க நிருபராத்தான் இருப்பாரு, அந்த வீட்டுக்கு ஒரு போன் மட்டும் போடச் சொல்லுங்க, குட்டியை அந்த டப்புல இருந்து வெளிய எடுத்து மண்ணுல விடச் சொல்லி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை