செயலாளரின் ஆண்டறிக்கை: ஞாயிறு ஓட்டமும் நிலுவைச் சந்தாவும்

தலைவி அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் இயங்கும் எமது மாதர் சங்கம் கடந்த ஆண்டு பொங்கல் விழாவை வழமைபோல் நடத்தியது. மகளிர் தினத்தன்று ஒரு பெண் மருத்துவர் இரத்தச்சோகை பற்றிப் பேசினார். வாணி விழா சிறப்பாக நடந்தது, அவலும் கடலையும் போதியளவு இருந்தன. சுற்றுலாவுக்கு ஆள் சேரவில்லை, ஆகவே போகவில்லை.

அடுத்தது தாய்-மகள் ஓட்டம். வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரையான மகள்மாருடன் தாய்மார் ஞாயிறு விடியக் கூடி ஓடுவதுதான் திட்டம். முதலில் மரைன் டிரைவில் ஓடினோம். ஒரு பக்கம் ரயில் பாதையும் கடலும், மறுபக்கம் ஓட்டோவும் வானும். பிள்ளைகளுடன் அது சரிவராது என்று சுதந்திர சதுக்கத்துக்கு மாறினோம். கொழும்பு வெயில் ஏழரைக்கே சுடத் தொடங்கிவிடும் என்பதால் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடித்துவிடுவோம்.

முறை இலகுவானது. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஓடிக்கொண்டே கதைக்க முடிந்தால் வேகம் சரி, மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். தாய் முன்னால் ஓடக் கூடாது. பரீட்சைப் புள்ளிகளைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. இந்தக் கடைசி விதியைக் காப்பாற்றத்தான் தாய்மார் மிகவும் கஷ்டப்பட்டார்கள், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தாய்மார் இன்னும் கூட.

வீட்டில் முகத்தைப் பார்த்து "என்ன பிள்ளை, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை அம்மா" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் ஓடும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பேச்சு தானாக வருகிறது. வகுப்பில் தன்னை ஒதுக்கி வைக்கிறார்கள் என்பதை ஒரு பிள்ளை முதன்முதலில் சொன்னது வீட்டிலல்ல, அங்கேதான். மாதவிடாய் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டு வந்த தாய்மாரும் அங்கேதான் சொன்னார்கள்.

"பெரிய பிள்ளையாகிற வயசில ரோட்டில ஓட விடலாமோ?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் எங்கள் நாட்டு ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜயசிங்க வென்ற வெண்கலம் பின்னர் வெள்ளியானது. அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஊரார் மகள் ஓடினால் கைதட்டு, எங்கள் மகள் ஓடினால் கேள்வியா? ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமை, ரியூசன் கதிரையிலேயே முடிந்துவிடுகிறது.

"சங்கப் பணத்தில் ஓடுகிறார்கள்" என்றும் ஒரு பேச்சு. செலவு தண்ணீருக்கும் வாழைப்பழத்துக்கும்தான். சப்பாத்துகூட வாங்கவில்லை. இந்த வயதில் கால் வேகமாக வளரும், ஒரு பிள்ளைக்குச் சிறிதானது அடுத்த பிள்ளைக்குப் போகிறது. இப்படிப் பேசியவர்களின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சந்தாப் பதிவேட்டில் அவர்களுக்கு எதிரே உள்ள கட்டங்கள் நீண்ட நாட்களாக வெறுமையாக இருக்கின்றன என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். நிர்வாகக் குழுக் கூட்டம் நடத்தத் தேவையான அளவு ஆள் சேராமல் தேநீரை மட்டும் குடித்துவிட்டுக் கலைந்ததும் உண்டு.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, வரவேண்டியது அதைவிடக் கூட.

மண்டபம் தந்தவர்களுக்கும், தலைவிக்கும், விடிய எழுந்து மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அப்பாமாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க விரும்பினால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். ஞாயிறு ஓட்டத்தையும் சேர்த்து ஏற்கவேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒருவரும் இல்லையென்றால், பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் தேநீர் மேசையருகே இருப்பார். நிலுவை உள்ளவர்கள் வடை எடுக்க முன்னர் அவரைச் சந்திக்கலாம்.